இளமூளையும் தலைக்காயமும்

கை முறிந்த பிள்ளைக்கு மாவுக்கட்டுப் போடுகிறார்கள். அந்தக் கட்டைக் கண்டதும் வகுப்பில் எல்லாருக்கும் இரக்கம் வந்துவிடுகிறது. ஒருத்தி புத்தகப் பையைச் சுமக்கிறாள். இன்னொருத்தி பாடத்தை எழுதிக் கொடுக்கிறாள். ஆசிரியையும் "கை சரியானதும் எழுது, அவசரமில்லை" என்று சொல்லிவிடுகிறார். ஆனால் மூளையில் பட்ட காயத்துக்கு வெளியே தெரியும் கட்டு இல்லை. தையல் பிரித்து, மழித்த முடி வளர்ந்து, தழும்பும் மறைந்துவிட்டால், பிள்ளை பழையபடி ஆகிவிட்டாள் என்றே வீட்டாரும் பள்ளியாரும் முடிவு செய்துவிடுகிறோம். பெரும்பாலான பிள்ளைகள் விஷயத்தில் அந்த முடிவு சரியே. சிலர் விஷயத்தில் அது பெருந்தவறு. அந்தச் சிலரைப் பற்றியது இக்கட்டுரை. அவர்கள் "சோம்பேறி", "முரடு", "கவனமில்லாதவள்" என்ற பெயர்களோடு நம் வகுப்புகளிலேயே அமர்ந்திருக்கக் கூடும். ஆதலால் இதனை வெறும் விஞ்ஞானப் பாடமாக மட்டும் படிக்க வேண்டாம் என்று மாணவியரைக் கேட்டுக்கொள்கிறேன்.

மண்டை ஓட்டுக்குள்ளே

வளர்ந்தவரின் மூளை ஏறத்தாழ 1,300 முதல் 1,400 கிராம் எடையுள்ளது. அதில் சுமார் 8,600 கோடி நரம்பணுக்கள் இருப்பதாக 2009-ஆம் ஆண்டு பிரேசில் நாட்டு ஆராய்ச்சியாளர் கணக்கிட்டனர். இவ்வளவு பெரிய வேலையைச் செய்யும் உறுப்பு, தொட்டுப் பார்த்தால் கட்டித் தயிரைப்போல் மென்மையானது. அதைச் சுற்றி மூன்று உறைகள் உள்ளன. உள்ளுறைகளுக்கு இடையே தெளிந்த நீர் நிறைந்திருக்கிறது. அந்த நீரில் மூளை மிதப்பதால், அதன் சொந்த எடை அதனை அழுத்துவதில்லை. எல்லாவற்றுக்கும் வெளியே காவலாக மண்டை ஓடு.

குழந்தையின் தலை, பெரியவர் தலையின் சிறிய அச்சு அன்று. பிறந்த குழந்தையின் மொத்த நீளத்தில் தலை மட்டும் கால் பங்கு; வளர்ந்தவருக்கோ எட்டில் ஒரு பங்குதான். தலை கனம், கழுத்துத் தசைகள் வலுவற்றவை. ஆகவே சிறு குழந்தை கட்டிலிலிருந்து விழுந்தாலும், படியிலிருந்து விழுந்தாலும், தலையே முந்திக்கொண்டு தரையைத் தொடுகிறது. மண்டை எலும்பும் மெல்லியது. உச்சிக்குழி மூடுவதற்கே ஏறக்குறைய ஒன்றரை வயது ஆகிறது. தாய்மார்கள் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. அழும் கைக்குழந்தையைக் கோபத்தில் பிடித்துப் பலமாக உலுக்குவதால், வெளியே ஒரு கீறல்கூட இல்லாமலே மண்டைக்குள் இரத்தம் கசியலாம் என்பதை இங்கிலாந்தின் ஹல் நகர அறுவை மருத்துவர் நார்மன் கத்கெல்ச் 1971-ஆம் ஆண்டிலேயே எடுத்துக் காட்டினார். அழுகை நிற்கவில்லையென்றால் குழந்தையைத் தொட்டிலில் விட்டுவிட்டு, அடுத்த வீட்டு அம்மாளைக் கூப்பிடுவதே அறிவுடைமை.

அடி எவ்வாறு படுகிறது?

ஓடும் பேருந்து சட்டென்று நின்றால், உள்ளே நிற்பவர்கள் முன்னால் சாய்கிறார்கள். நியூட்டனின் முதல் விதிக்கு ஒன்பதாம் வகுப்பு மாணவியர் எழுதும் உதாரணம் இதுதானே! தலைக்காயத்திலும் அதே விதிதான் வேலை செய்கிறது. ஓடிவந்த தலை, சுவரில் மோதி நிற்கிறது. உள்ளிருக்கும் மூளை நிற்பதில்லை. அது முன்னே சென்று எலும்பில் மோதுகிறது. பின்வாங்கி எதிர்ப்புறத்திலும் மோதக்கூடும். இதனால்தான் பின்மண்டையில் அடிபட்ட பிள்ளைக்கு முன்மூளையில் கன்றிப்போவதும் உண்டு. மண்டை ஓட்டின் அடித்தளம் முன்பக்கத்தில் வழவழப்பாக இல்லாமல் மேடும் விளிம்புமாக இருப்பதால், அங்கே அமர்ந்திருக்கும் நெற்றிமடலும், காதுக்கு மேலிருக்கும் பொட்டுமடலும் அடிக்கடி சிராய்ப்புக்கு ஆளாகின்றன. இந்த இரண்டு மடல்களின் பெயர்களை நினைவில் வைத்துக் கொள்ளுங்கள். கட்டுரையின் பிற்பகுதியில் அவை மீண்டும் வரும்.

இன்னொரு வகைக் காயம் உண்டு. வாகன விபத்தில் தலை சுழன்று திரும்பும்போது, மூளைக்குள் ஓடும் நுண்ணிய நரம்பிழைகள் முறுக்கப்பட்டு இழுபடுகின்றன. சில அப்போதே அறுகின்றன. பல, அந்த நேரத்தில் அறுவதில்லை. அடுத்த மணிகளிலும் நாட்களிலும் உள்ளே நிகழும் இரசாயன மாறுதல்களால் நலிந்து துண்டிக்கப்படுகின்றன. எனவே அடிபட்ட நொடியோடு காயம் முடிந்துவிட்டதாகக் கொள்ளலாகாது. மூளை வீங்குவதும் பிறகுதான். வீங்கிய கால் வெளியே பருக்கலாம். வீங்கிய மூளைக்கு எலும்புப் பெட்டிக்குள் போக இடமில்லை. அழுத்தம் ஏறி, இரத்த ஓட்டம் குறைந்து, முதலில் பிழைத்த அணுக்களும் மடிகின்றன.

இரத்தக்கசிவும் இப்படியே நம்மை ஏமாற்றக் கூடியது. விழுந்த பிள்ளை சிறிது மயங்கிப் பின் எழுந்து, தண்ணீர் குடித்து, தம்பியோடு பேசிக்கொண்டிருப்பாள். வீட்டார் நிம்மதி அடைவார்கள். சில மணி நேரத்தில் தலைவலி என்பாள், வாந்தி எடுப்பாள், மறுபடி மயங்குவாள். எலும்புக்கும் மேலுறைக்கும் இடையில் அறுந்த இரத்தக்குழாய் மெல்ல மெல்லக் கசிந்து மூளையை அழுத்திக் கொண்டிருந்திருக்கிறது. இந்த இடைவேளைத் தெளிவை நம்பி வீட்டிலேயே இருந்துவிடுவது உயிருக்கே ஆபத்து. தலையில் அடிபட்ட பிள்ளைக்குத் திரும்பத் திரும்ப வாந்தி, கூடிக்கொண்டே போகும் தலைவலி, குளறும் பேச்சு, வலிப்பு, ஒரு கண்மணி பெரிதாகவும் மற்றது சிறிதாகவும் இருத்தல், மூக்கிலோ காதிலோ இரத்தம் அல்லது தெளிந்த நீர் ஒழுகுதல், எழுப்பினால் எழாத உறக்கம் ஆகியவற்றுள் ஒன்று தெரிந்தாலும் 108-ஐ அழைக்க வேண்டும். காயத்தில் காப்பித்தூள் அப்புவதும், மயங்கியவள் வாயில் தண்ணீர் ஊற்றுவதும் நம் ஊரில் இன்னும் ஒழியவில்லை. முன்னது காயத்தை அசுத்தமாக்கும். பின்னது மூச்சுக்குழலுக்குள் இறங்கும். "தூங்கவே விடக்கூடாது" என்று இரவெல்லாம் பிள்ளையைத் தட்டித் தட்டி வதைப்பாரும் உண்டு. மருத்துவர் பார்த்து வீட்டுக்கு அனுப்பிய பிள்ளை தாராளமாகத் தூங்கலாம். அவர் சொன்ன இடைவெளியில் எழுப்பினால் வழக்கம்போல் விழிக்கிறாளா என்று பார்த்தால் போதும்.

அளவுகோலும் படமும்

காயத்தின் கடுமையை அளக்க உலகெங்கும் வழங்கும் அளவுகோல், ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் பிறந்தது. கிரகாம் டீஸ்டேல், பிரையன் ஜெனட் என்ற இரு மருத்துவர்கள் 1974-ஆம் ஆண்டில் அதனை வெளியிட்டனர். கண் திறப்பதற்கு 4, பேச்சுக்கு 5, உடலசைவுக்கு 6 என மொத்தம் 15 மதிப்பெண். முழுமதி இழந்தவருக்கும் 3 கிடைக்கும். சுழி என்பது இல்லை. 13 முதல் 15 வரை லேசான காயம். 9 முதல் 12 வரை நடுத்தரம். 8-உம் அதற்குக் கீழும் கடுமை. பேசத் தெரியாத குழந்தைகளுக்குப் பேச்சுக்குப் பதில் அழுகையையும் மழலையையும் கணக்கிடுவர்.

மண்டையைத் திறக்காமலே உள்ளே பார்க்கும் சி.டி. ஸ்கேன் கருவியும் ஏறக்குறைய அதே காலத்ததுதான். அதனை உருவாக்கிய காட்பிரே ஹவுன்ஸ்பீல்டு, இசைத்தட்டு வெளியிடும் இ.எம்.ஐ. கம்பெனியில் பணியாற்றிய பொறியாளர். 1971 அக்டோபர் முதல் நாளன்று லண்டனில் ஒரு நோயாளியின் தலையை அக்கருவி முதன்முதலாகப் படம் பிடித்தது. 1979-இல் அவருக்கு, ஆலன் கார்மாக்குடன் சேர்த்து, நோபல் பரிசு கிடைத்தது. அக்கருவி வருமுன், மருத்துவர்கள் பெரும்பாலும் அறிகுறிகளையும் சாதாரண எக்ஸ்ரேயையும் நம்பியே முடிவெடுக்க வேண்டியிருந்தது. நம் நாட்டில் மூளை அறுவை மருத்துவத்துக்கெனத் தனித்துறை 1949-ஆம் ஆண்டில் வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் டாக்டர் ஜேக்கப் சாண்டியால் தொடங்கப்பட்டது என்பதையும், மறு ஆண்டே சென்னை அரசு பொது மருத்துவமனையில் டாக்டர் பி. ராமமூர்த்தி அப்பணியைத் தொடங்கினார் என்பதையும் இங்கே நன்றியோடு நினைக்கலாம்.

ஆனால் ஸ்கேன் படத்தில் பெற்றோர் தவறாகப் புரிந்துகொள்ளும் ஒன்று உண்டு. அது இரத்தக்கசிவையும் எலும்பு முறிவையும் நன்றாகக் காட்டும். தலைமயிரைவிடப் பன்மடங்கு நுண்ணிய நரம்பிழைகள் இழுபட்டதைக் காட்டாது. "ஸ்கேன் நார்மல்" என்று எழுதித் தந்தால், உடனே அறுவை சிகிச்சை தேவைப்படும்படி ஒன்றும் தெரியவில்லை என்று பொருள். மூன்றாண்டு கழித்துப் பிள்ளை இயற்கணிதம் எப்படிப் போடுவாள் என்பதற்கு அது சான்றிதழ் அன்று.

"சின்னப் பிள்ளைதானே, தேறிவிடும்"

இந்த ஆறுதல் மொழியை எல்லா வீடுகளிலும் கேட்கிறோம். இது வெறும் பாட்டிமார் பேச்சன்று. ஒரு காலத்தில் விஞ்ஞானமும் இதையே சொல்லிற்று. அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மார்கரெட் கென்னார்ட் என்ற பெண் அறிஞர் 1930-களில் குரங்குகளை வைத்து ஆராய்ந்தார். உடலசைவுக்குரிய மூளைப்பகுதியை நீக்கியபோது, வளர்ந்த குரங்குகள் பெரிதும் முடங்கின. குட்டிகளோ ஓரளவு நன்றாகவே நடமாடின. இதிலிருந்து, "எவ்வளவு இளமையில் அடிபடுகிறதோ அவ்வளவு நன்றாக மூளை மீளும்" என்ற கொள்கை அவர் பெயராலேயே பரவிற்று. கென்னார்டு அம்மையார், குட்டிகள் வளர வளரப் புதிய குறைகள் தலைகாட்டியதையும் கண்டு எழுதியிருந்தார். பின்வந்தவர்கள் முற்பாதியைப் பிடித்துக்கொண்டு பிற்பாதியை மறந்துவிட்டனர். விஞ்ஞான வரலாற்றில் இப்படி நடப்பது புதிதல்ல.

இளமூளைக்கு இளகும் தன்மை உண்டு என்பது உண்மையே. சிறு வயதில் இடப்பக்க மூளையின் ஒரு பகுதி சேதமானால், பேச்சுத் திறன் வலப்பக்கத்தில் இடம்பிடிப்பதைக் கண்டிருக்கிறார்கள். ஆனால் அது ஒரே இடத்தில், ஒரே பகுதி கெட்டபோது நடப்பது. வாகன விபத்தில் முழு மூளையும் குலுங்கி, நரம்பிழைகள் பரவலாகச் சேதமடையும்போது, வேலையை ஏற்றுக்கொள்ள ஆரோக்கியமான பகுதி எங்கே இருக்கிறது? ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரில் விக்கி ஆண்டர்சனும் அவருடைய குழுவினரும் தலைக்காயம் பட்ட பிள்ளைகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தனர். கடுமையான காயம் என்றால், மிக இளம் வயதில் பட்டவர்களே அதிகம் பின்தங்கினர் என்று 2005-ஆம் ஆண்டில் வெளியிட்டனர். பழைய ஆறுதல் தலைகீழாகிவிட்டது.

காரணத்தை யோசித்தால் விளங்கும். மூளை அளவில் ஆறு வயதுக்குள் ஏறக்குறைய முழுமை அடைந்துவிடுகிறது. ஆனால் உள்வேலை முடிவதில்லை. நரம்பிழைகளின் மேல் மயலின் என்ற கொழுப்புறை போர்த்தப்படும் பணி ஆண்டுக்கணக்கில் நடக்கிறது. கடைசியாக முடிவது நெற்றிமடல். இருபத்தைந்து வயதை ஒட்டித்தான் அது முழுமை பெறுகிறது. திட்டமிடுவதும், பொறுப்பதும், நாக்கை அடக்குவதும், ஒரு வேலையைத் தொடங்கி முடிப்பதும் அதன் பணிகள். ஏழு வயதுப் பிள்ளையிடம் அவற்றை யாரும் பெரிதாக எதிர்பார்ப்பதில்லை. மாடி எழும்பாத வீட்டின் அஸ்திவாரத்தில் விழுந்த விரிசலை அன்றே யாரும் காண்பதில்லை. மேல்தளம் போடும்போதுதான் சுவர் வெடிக்கிறது.

நெற்றிமடல் காயத்துக்குப் புகழ்பெற்ற உதாரணம் பினியாஸ் கேஜ் என்பவர். அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் 1848 செப்டம்பர் 13-இல் பாறை வெடிக்கும்போது, மூன்றரை அடிக்கும் மேல் நீளமுள்ள இரும்புக்கோல் ஒன்று அவர் இடக்கன்னத்தில் புகுந்து உச்சந்தலை வழியே வெளியேறியது. அவர் பிழைத்தார், பேசினார், நடந்தார். ஆனால் பொறுப்பான மேற்பார்வையாளராக இருந்தவர், நிலையற்றவராயும் வாய்த்துடுக்கு மிகுந்தவராயும் மாறினார் என்று அவருடைய மருத்துவர் ஹார்லோ பதிவு செய்தார். பாடநூல்கள் பெரும்பாலும் இத்தோடு நிறுத்திவிடும். பின்னாளில் அவர் சிலி நாட்டில் பல ஆண்டுகள் குதிரைக்கோச்சு ஓட்டினார். அன்றாடம் ஒரே ஒழுங்கில் நடந்த அந்த வேலை அவரைப் பெருமளவு தேற்றியிருக்கலாம் என்று அண்மைக்கால ஆய்வாளர் கருதுகின்றனர்.

கேஜ் அடிபட்டபோது அவருக்கு வயது 25. அதே மடல் பதினைந்து மாதக் குழந்தைக்கு அடிபட்டால் என்ன ஆகும்? அமெரிக்காவின் அயோவா மாநில அறிஞர்கள் 1999-இல் ஒரு பெண்ணின் வரலாற்றைப் பெயர் சொல்லாமல் வெளியிட்டனர். பதினைந்து மாதத்தில் அவள்மேல் ஒரு வண்டி ஏறிவிட்டது. சில நாட்களில் முழுவதும் தேறிவிட்டதாகவே தோன்றிற்று. மூன்று வயதில்தான் பெற்றோர் ஒன்றைக் கவனித்தனர். திட்டினாலும் அடித்தாலும் அவளிடம் ஒரு மாறுதலும் ஏற்படவில்லை. பெற்றோர் படித்தவர்கள், நல்ல குடும்பம், உடன்பிறந்தாரிடம் எக்குறையும் இல்லை. பள்ளியில் அவளை அறிவுள்ள பெண் என்றே ஆசிரியர்கள் மதித்தனர். ஆனால் கொடுத்த வேலையை அவள் முடிப்பதே இல்லை. பொய், திருட்டு, சண்டை எனத் தொல்லை வளர்ந்து, பதினான்கு வயதில் அவளைத் தனிக் காப்பகத்தில் சேர்க்க வேண்டியதாயிற்று. பின்னர் ஆராய்ந்தபோது நெற்றிமடலின் பழைய காயம் தெரிந்தது. அவளுடைய சாதாரண அறிவுத்திறன் குறையவில்லை. பெரியவர்களாகி அடிபட்டவர்கள், செய்வது தவறு என்றாவது சொல்லத் தெரிந்தவர்கள். இவளுக்கோ அதனைக் கற்றுக்கொள்ளும் கருவியே கற்கும் காலத்துக்கு முன் கெட்டுப்போயிருந்தது.

இது மிகக் கடுமையான உதாரணம். தலையில் அடிபட்ட பிள்ளைகள் எல்லாரும் இப்படி ஆவார்கள் என்று எந்தத் தாயும் அஞ்ச வேண்டாம். ஆயினும் அத்தனை ஆண்டுகள் அத்தனை பேர் அவளைத் திருத்த முயன்றும், யாருக்கும் பழைய விபத்து நினைவுக்கு வரவில்லையே, அதை எண்ணித்தான் மனம் நோகிறது.

வகுப்பறையில்

இனி நம் ஊர்ப் பள்ளியில் ஒரு சிறுமியைக் கற்பனை செய்து பார்ப்போம். இரண்டாம் வகுப்பில் இருக்கும்போது அப்பாவின் மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்தவள். பத்து நாள் மருத்துவமனை. ஒரு மாதம் ஓய்வு. திரும்பி வந்ததும் வாய்ப்பாடு சொல்கிறாள். தமிழ்ப் பாடத்தைத் தடையின்றி வாசிக்கிறாள். அடிபடுவதற்கு முன் கற்றவை எல்லாம் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. எல்லாருக்கும் மகிழ்ச்சி. மூன்றாம் வகுப்பிலும் நான்காம் வகுப்பிலும் ஒரே ஆசிரியை, ஒரே அறை, கைபிடித்து நடத்துகிறார். ஆறாம் வகுப்பில் ஏழு ஆசிரியைகள், ஏழு நோட்டுகள், மணி அடித்தால் பாடம் மாறுகிறது. இங்கேதான் வண்டி சிக்கிக்கொள்கிறது. மதிப்பெண் இறங்குகிறது. எட்டாம் வகுப்பில் இன்னும் இறங்குகிறது. "முயன்றால் முடியும், முயல்வதில்லை" என்று தேர்ச்சி அட்டையில் எழுதுகிறார்கள். ஆறாண்டுக்கு முன் நடந்த விபத்தை யாரும் இதனோடு சேர்த்துப் பார்ப்பதில்லை. புது ஆசிரியைக்கு அப்படி ஒன்று நடந்ததே தெரியாது.

அவள் படும் துன்பங்கள் எவை? முதலாவது களைப்பு. இது உடற்களைப்பன்று. மற்ற பிள்ளைகள் எளிதாகச் செய்வதை அவள் மூளை சுற்றுவழியில் செய்ய வேண்டியிருக்கிறது. காலை முதல் பாடவேளையில் விடை சொன்னவள், மதியத்துக்குப் பின் மேசைமேல் தலை சாய்க்கிறாள். "காலையில் முடிந்தது இப்போது ஏன் முடியாது?" என்ற கேள்விக்கு அவளிடமும் பதில் இல்லை.

அடுத்தது, நினைவில் கொஞ்ச நேரம் வைத்திருக்க வேண்டியதை வைத்திருக்க முடியாமை. "கணக்கு நோட்டை எடு, 47-ஆம் பக்கத்தைத் திற, மூன்றாம் கணக்கைப் போடு" என்றால், நோட்டை எடுத்துவிட்டு நிற்பாள். பக்கத்துப் பெண்ணை எட்டிப் பார்ப்பாள். அதற்கும் திட்டு கிடைக்கும். நேற்று முழுவதும் உருப்போட்ட பாடம் இன்று இல்லை. ஆனால் பழைய சினிமாப் பாட்டு முழுதும் தெரியும். இதைக் கண்டுதான் நாம் "வேண்டுமென்றே செய்கிறாள்" என்று முடிவு கட்டுகிறோம். பழையதைக் காப்பதும் புதியதைச் சேர்ப்பதும் மூளைக்கு ஒரே வேலை அல்ல. பொட்டுமடலின் உட்பக்கம் நலிந்தால் புதியதைச் சேர்ப்பதே கடினமாகிறது.

மெதுவாகச் செயற்படுவதும் உண்டு. விடை தெரியும், மணி அடிப்பதற்குள் எழுதத் தெரியாது. வினாத்தாளின் முதற்பகுதிக்கு நல்ல விடைகளும், பிற்பகுதிக்கு வெற்றுத்தாளும் இருக்கும் விடைத்தாள்களைத் திருத்தாத ஆசிரியை யார்? இரைச்சலும் அவளைத் துன்புறுத்தும். சாப்பாட்டு வேளையில் நானூறு பிள்ளைகளின் சத்தத்துக்கு நடுவே தலைவலி வந்துவிடும்.

எல்லாவற்றிலும் கொடியது தோழியரை இழப்பது என்றே எனக்குத் தோன்றுகிறது. கேலியைக் கேலி என்று அறியாமல் அழுவாள். அல்லது சொல்லக் கூடாததைப் பட்டென்று சொல்லிவிடுவாள். சிறு விஷயத்துக்குச் சீறுவாள். அரை மணியில் அதை மறந்து, தானே வந்து சிரிப்பாள். அடிபட்ட மற்றவளோ மறப்பதில்லை. ஒன்பதாம் வகுப்புக்கு வரும்போது இடைவேளையில் அவள் தனியாக நிற்கிறாள். மதிப்பெண் குறைந்தால் வீட்டுக்குக் கடிதம் போகிறது. தோழி இல்லாமற் போனதற்குக் கடிதம் எழுதுவாரில்லை.

அன்னையர் அறிய வேண்டிய இன்னொன்றும் உண்டு. மூளையின் அடிப்புறத்தில் பட்டாணி அளவில் தொங்கும் பிட்யூட்டரி சுரப்பியும் தலைக்காயத்தில் பழுதாவதுண்டு. வளர்ச்சி நின்றுபோவது, பூப்பு மிக விரைவில் வருவது அல்லது நெடுநாள் தள்ளிப்போவது, மாதவிலக்கு ஒழுங்கற்றுப் போவது முதலியவை ஓராண்டோ அதற்குப் பின்னரோ தெரியலாம். மருத்துவரிடம் போகும்போது பழைய விபத்தையும் தேதியோடு சொல்ல வேண்டும். சொன்னால்தான் அவர் அந்த வழியில் சோதிக்க நினைப்பார்.

இரண்டாவது அடி

விளையாட்டில் ஆர்வமுள்ள மாணவியர் இப்பகுதியைக் கவனமாகப் படிக்க வேண்டும். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் 2006-ஆம் ஆண்டு, பதின்மூன்று வயதான சாக்கரி லிஸ்டெட் என்ற சிறுவன், அந்நாட்டுக் கால்பந்து ஆட்டத்தின் நடுவே தலையில் அடிபட்டான். சிறிது நேரம் வெளியே உட்கார்ந்தான். பின் மீண்டும் ஆடினான். ஆட்டம் முடிந்ததும் மைதானத்திலேயே சரிந்தான். மூளை வீக்கத்துக்கு இடமளிக்க மண்டை ஓட்டின் பகுதிகளை அகற்ற வேண்டியதாயிற்று. உயிர் பிழைத்தாலும் பேசவும் அசையவும் மாதக்கணக்கில் புதிதாய்க் கற்க வேண்டியிருந்தது. அவன் பெயரால் 2009-இல் அம்மாநிலம் ஒரு சட்டம் இயற்றிற்று. மூளை அதிர்ச்சி என்ற ஐயம் எழுந்தாலே ஆட்டக்காரரை வெளியேற்ற வேண்டும்; மருத்துவத்துறையினர் எழுதித் தராமல் மீண்டும் ஆடவிடக் கூடாது. 2014-க்குள் அந்நாட்டின் ஐம்பது மாநிலங்களும் இத்தகைய சட்டங்களைச் செய்துவிட்டன.

முதல் அடியால் தளர்ந்த மூளை, ஆறுமுன் இரண்டாவது அடியைத் தாங்காது என்பதே இதன் கருத்து. அடிபட்ட பெண் மயங்கவில்லை என்பது போதாது. மயக்கமில்லாமலும் மூளை அதிர்ச்சி உண்டு. கபடியிலோ கூடைப்பந்திலோ தலை மோதிய பெண் தடுமாறினால், எண்ணிக்கையைக் கேட்டுத் தப்பாகச் சொன்னால், "இன்னும் ஐந்து நிமிடம்தானே" என்று அணித் தலைவி கெஞ்சினாலும் அவளை அன்று உள்ளே விடக் கூடாது. அப்பெண்ணை இருட்டறையில் வாரக்கணக்கில் அடைத்து வைப்பது பழைய வழக்கம். இப்போது அதனை வற்புறுத்துவதில்லை. ஓரிரு நாள் ஓய்வு, பிறகு மெல்ல நடை, மெல்லப் படிப்பு என்று படிப்படியாகக் கூட்டுவதையே 2022-இல் ஆம்ஸ்டர்டாமில் கூடிய நிபுணர் மாநாடு பரிந்துரைத்தது. முழு நாள் பள்ளி முதலில். முழு ஆட்டம் அதற்கும் பின்புதான்.

செய்யக் கூடியவை

வரும் முன் காப்பதில் பெற்றோருக்கே முதற்பங்கு. மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி நான்கு வயதுக்கு மேற்பட்ட எவரும் இருசக்கர வாகனத்தில் தலைக்கவசம் அணிய வேண்டும். ஒன்பது மாதம் முதல் நான்கு வயது வரையுள்ள குழந்தைக்குத் தலைக்கவசமும் ஓட்டுநரோடு பிணைக்கும் வாரும் வேண்டுமென்றும், அப்போது வேகம் 40 கிலோமீட்டரைத் தாண்டலாகாது என்றும் தனி விதி 2023 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. நம் பள்ளி வாசலில் காலை எட்டரை மணிக்கு நின்று பாருங்கள். தந்தையர் பலர் கவசம் அணிந்திருக்கிறார்கள். பின்னால் அமர்ந்த மகளுக்கு இரட்டைச் சடையும் ரிப்பனுந்தான். சடை கலைந்துவிடும் என்பதுதான் காரணமாகச் சொல்லப்படுகிறது.

அடிபட்ட பின் பள்ளி செய்ய வேண்டியவை பெருஞ்செலவு பிடிப்பவை அல்ல. கட்டளைகளை ஒவ்வொன்றாகச் சொல்வது, கரும்பலகையிலும் எழுதுவது, வீட்டுப்பாடத்தைப் பாதியாக்குவது, தேர்வில் கூடுதல் நேரம் தருவது, மதியத்தில் அரைமணி ஓய்வறையில் விடுவது, முன்வரிசையில் சன்னலை விட்டுத் தள்ளி அமர்த்துவது, நாள்தோறும் ஒரே ஒழுங்கைக் கடைப்பிடிப்பது - இவை போதும். கோச்சு ஓட்டிய கேஜை இங்கே நினைத்துக் கொள்ளலாம். முழங்காலிடச் செய்வதும், நூறு முறை எழுதச் சொல்வதும் இப்பிள்ளைகளிடம் பலிப்பதில்லை. களைத்த மூளையை இன்னும் களைப்பிப்பதே மிச்சம். கவனமில்லாத பிள்ளைகள் எல்லாருக்கும் தலைக்காயம் இருந்ததாக நான் சொல்லவில்லை. கேட்டுப் பார்க்காமல் எப்படித் தெரியும் என்றுதான் சொல்கிறேன். தோழியரும் உதவலாம். நோட்டைக் காட்டுவது சிறு உதவி. இடைவேளையில் உடன் நிற்பது பெரிய உதவி.

அமெரிக்காவில் 1990-இலேயே சிறப்புக் கல்விச் சட்டத்தில் மூளைக்காயத்தைத் தனியொரு பிரிவாகச் சேர்த்தனர். நம் நாட்டில் 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது. மூளைக்காயம் அவற்றுள் தனிப்பெயராக இல்லை. காயத்தால் நேர்ந்த கைகால் குறையோ, பேச்சுக் குறையோ, அறிவு வளர்ச்சிக் குறையோ தகுந்த அளவில் இருந்தால் அந்தப் பெயரில் சான்றிதழ் பெறலாம். கை கால் நன்றாக இருந்து, பாடம் மட்டும் நில்லாதவளுக்குப் பட்டியலில் இடம் தேடுவது கடினம். அவளுக்கு ஆசிரியைதான் சட்டம்.

நம் சேர்க்கைப் படிவத்தில் பிறந்த தேதி, தடுப்பூசி, இரத்தப் பிரிவு, கண்ணாடி அணிபவளா என்பதற்கெல்லாம் கட்டங்கள் இருக்கின்றன. வரும் ஆண்டில் படிவம் அச்சிடும்போது இன்னும் ஒரு வரி சேர்க்குமாறு தலைமையாசிரியை அவர்களிடம் வேண்டியிருக்கிறேன்: "தலையில் அடிபட்டு மருத்துவரிடம் காட்டியதுண்டா? எந்த ஆண்டு? அப்போது வயது என்ன?" பழைய மாணவியரின் பெற்றோர், சிறிய விபத்தாயினும் அதனை ஒரு தாளில் எழுதி, பிள்ளையின் வகுப்பு ஆசிரியையிடம் கொடுத்தனுப்பலாம்.